சித்தூர்க்காரர்கள் வந்துபோன பிறகு

பிள்ளைகளா, அத்தை ஏன் நம் வீட்டுப் பேச்சைப் பேசுவதே இல்லை என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குப் பத்தாவதுக்கு மேல் படிப்பில்லை. தெரிந்த மட்டும் எழுதிவைக்கிறேன்.

நம் ஆட்கள் எந்தக் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து இறங்கி வந்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் பிறந்தது விக்கிரமசிங்கபுரத்தில். உங்கள் தாத்தா நூல் மில்லில் வேலை பார்த்தார். வாசலுக்கு வெளியே தமிழ், உள்ளே தெலுங்கு. அப்பாவை நாங்கள் நாயினா என்போம். அவர் என்னைக் கூப்பிடுவது ‘ஏமிலே’ என்று. ‘என்ன’ என்பதற்கு ‘ஏமி’, அது தெலுங்கு; ‘லே’ இந்த ஊர்த் தெருவிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஒருவன் வந்தானாம் என்பதற்கு ‘ஒச்சினாடாம்’ என்போம். நான்தான் என்பதற்கு ‘நேனுதான்’. வார்த்தை தெலுங்கு, அதைக் கோத்த நூல் தமிழ். இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்கிறேன். அன்றைக்கு நாங்கள் பேசுவதுதான் தெலுங்கு என்று இருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கூடப்பிறந்தவளுக்கு, உங்கள் அத்தைக்கு, மாப்பிள்ளை தேடினார்கள். சுற்றுவட்டாரத்தில் நம் ஆட்கள் வீடுகள் கொஞ்சம்தான், அத்தனையும் பங்காளி வீடுகள். அண்ணன் தம்பி முறைக்குள் எப்படிக் கட்டிக்கொடுப்பது? அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. எங்கே தெலுங்கு காதில் விழுந்தாலும் நாயினா முதலில் விசாரிப்பது வீட்டுப் பெயரைத்தான். ஒரே வீட்டுப் பெயர் என்றால் பங்காளி, வேறு என்றால் சம்பந்தம் பேசலாம். திருப்பதியில் வரிசையில் நிற்கும்போது சித்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவரிடம் அப்படிக் கேட்டார். வேறு வீட்டுப் பெயர். மகன் பள்ளிக்கூட வாத்தியார். விலாசம் வாங்கிக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறோம் என்று தகவலும் வந்தது.

இந்த இடமும் தட்டிப்போனால் இனி அவளுக்குக் கல்யாணம் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் வருவதற்கு முந்திய வாரம், வீட்டுக்குள் தமிழ் வார்த்தை ஒன்றுகூட வரக்கூடாது என்று நாயினா சொல்லிவிட்டார். தமிழ் வார்த்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தெலுங்கு வார்த்தையை வைத்தால் சுத்தத் தெலுங்கு ஆகிவிடும் என்று அவர் நம்பினார். வார்த்தை அகப்படாத இடத்தில் கையால் காட்டிச் சமாளித்தோம். மில் சங்குக்குத் தெலுங்கில் என்ன என்று அத்தை கேட்டாள். நாயினாவுக்கும் தெரியவில்லை. அப்படியானால் சங்கு ஊதும்போது காதைப் பொத்திக்கொள்கிறேன் என்றாள். அப்போதெல்லாம் அவள் அப்படித்தான், வாய் ஓயாது. மில்லில் நாயினாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, “என்ன வே, சம்பந்தக்காரன்கிட்ட எந்தப் பாஷையில சண்டை போடுவீரு?” என்று கேட்டுவிட்டுப் போனார். நாயினாவும் சிரித்தார்.

மாப்பிள்ளை, அவர் அம்மா, திருப்பதிக்கு வராத தாய்மாமா ஒருவர் என்று மூன்று பேர் வந்தார்கள். அத்தை காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அந்த அம்மா ஏதோ கேட்கப்போக, இவள் பயமில்லாமல் பேச ஆரம்பித்தாள். அணை திறந்த அன்று ஆற்றில் தண்ணீர் ஏறி, துவைக்கப் போன பெண்கள் துணியை விட்டுவிட்டு ஓடிவந்த கதையைச் சொன்னாள். ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. நாயினாவின் முகத்தில் அன்றைக்குப் பார்த்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

தாய்மாமாவும் ரசித்துத்தான் கேட்டார். கதை முடிந்ததும் நாயினாவைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னார். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன்: “தமிழ் ஆட்களாக இருந்துகொண்டு இவ்வளவு பேசுகிறீர்களே, பாராட்ட வேண்டும். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?”

மாப்பிள்ளையின் அம்மா அவரை முறைத்தார். மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் யாருக்கும் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. இது எங்கள் வீட்டுப் பேச்சுதான், கற்றுக்கொண்டது இல்லை என்றார் நாயினா. அவர்கள் தலையை ஆட்டினார்கள். நாயினா திரும்பவும் அதையே சொன்னார். அத்தை காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அவர்கள் கிளம்பும்வரை வரவில்லை.

பதில் முக்குக் கடை போனில் வந்தது. நாயினா பக்கத்தில் நான் நின்றேன். பெண் நல்ல பெண்தான், ஆனால் எங்கள் ஊரில் நாலு பேரோடு பேசிப் பழக வேண்டுமே, தமிழ்ப் பெண்ணைக் கொண்டுவந்துவிட்டதாக நினைப்பார்கள் என்றாராம் அந்த அம்மா. நாயினா இங்கிருந்து “சரிங்க, சரிங்க” என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அத்தை வீட்டுக்குள்ளும் தமிழ்தான். நாயினா தெலுங்கில் சாப்பாடு கேட்பார், அவள் தமிழில் பதில் சொல்லித் தட்டை வைப்பாள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அவர் படுக்கையில் விழுந்தபோது தூக்கி உட்காரவைத்ததும் துடைத்துவிட்டதும் அவள்தான். அவர் ஒரு பேச்சில் கேட்க, இவள் இன்னொரு பேச்சில் பதில் சொல்ல, கடைசிவரை அப்படியே ஓடியது. வேறு சம்பந்தமும் வரவில்லை.

நாயினா போய்ச் சேர்ந்த பிறகு, காரியத்துக்குப் பாபநாசம் படித்துறையில் இறங்கினோம். தண்ணீர் இழுப்பு கூடுதலாக இருந்தது. பைய இறங்கு என்று அவளிடம் நம் பேச்சில் சொல்லிவிட்டேன். வேண்டுமென்று இல்லை, வாயில் வந்துவிட்டது.

அவள் திரும்பாமலே சொன்னாள்: “அந்தப் பேச்ச விட்டுரு லே. அது அங்கயும் சேத்தி இல்ல, இங்கயும் சேத்தி இல்ல. நாயினாவோட போகட்டும்.”

நாயினா என்றுதான் சொன்னாள். அப்பா என்று சொல்லவில்லை. அதற்கு அப்புறம் அந்த ஒரு வார்த்தையையும் அவள் வாயில் நான் கேட்டதில்லை.

நீங்கள் அவளிடம் போய்க் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன, என்னிடம் கேளுங்கள். அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.