ஒய்வாவின் கணப்பு

பனிதேசத்துக் கைனூ வட்டாரத்தின் காட்டோரத்தில் ஒய்வா முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஆனால் ஊரில் விசாரித்தால் விறகுக்கார ஒய்வா என்றால்தான் தெரியும். அப்படி ஒரு விறகுப் பைத்தியம். வசந்தத்தில் இலை விடுவதற்குள் பிர்ச் மரத்தை வெட்டிப் பிளந்து, கோடை முழுக்கக் காயவைத்து அடுக்கிவிடுவார்.

பக்கத்து வீட்டு கலெர்வோ சுவரில் மின்சாரச் சூடேற்றி மாட்டியதிலிருந்து ஒய்வா அவரைச் சீண்டாத நாளில்லை. மரம் நம் காட்டிலேயே இருக்கிறது, புயலில் மின்சாரம் போனாலும் நம் வீடு குளிராது என்பார். சொன்னது உண்மையும்கூட. போன டிசம்பர் புயலில் கலெர்வோ போர்வையோடு வந்து ஒய்வாவின் கணப்பருகே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அதை ஒய்வா ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

புகைக்கு மனைவி தைமி இருமுவதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. இலையுதிர்காலத்தில் நடந்த இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் விறகு தூக்க முடியவில்லை. தூக்குவதும் சாம்பல் அள்ளுவதும் தைமிதான். குளிர்காலத்தில் வீட்டை விட்டு எங்கும் போகவும் முடியாது. கணப்பு அணைந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும்.

பிப்ரவரியில் தாம்பெரெ நகரில் இருக்கும் மகள் சிர்க்குவுக்குத் தலைப்பிரசவம். தைமி தான் மட்டும் போய்வர ஆசையாகப் பெட்டி கட்டினாள். கிளம்பவேண்டிய காலையில் குளிர் மைனஸ் முப்பதுக்கு இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். இந்தக் குளிரில் ஒய்வாவால் தனியாக விறகு தூக்கிக் கணப்பை அணையாமல் காக்க முடியாது. பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப வைத்தாள். ஒரு குறை சொல்லியிருந்தால்கூட ஒய்வா சண்டை போட்டிருப்பார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு கலெர்வோ வீட்டுக்குப் போனார்.

"ஒரு வாரம் எங்க கணப்பை நீ பாத்துக்கணும். நானும் தைமியோட போறேன்."

கலெர்வோ கிண்டலுக்கு வாயைத் திறந்தவர், ஒய்வாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"சூடு வெளியே போகக்கூடாதுன்னு, தணல்ல நீலத் தீ இருக்கறப்பவே புகைவழியை மூடிடாதே," என்றார் ஒய்வா. " விஷவாயு வீட்டுக்குள்ள நின்னுடும்."

"நானும் கணப்புப் பக்கத்துல வளந்தவன்தாண்டா."

ஒய்வா வாசல்வரை போய்த் திரும்பினார். "உனக்குச் சூடேற்றி மாட்டினானே, அவன் போன் நம்பர் குடு. விறகை விடமாட்டேன். ஊருக்குப் போற நாள்ல குழாய் உறையாம இருந்தாப் போதும்."

வீட்டில் தைமி விறகுக்கூடையோடு நின்றாள். பெட்டியைக் கட்டச் சொன்னார், இரண்டு பேருக்குமாக.

"கணப்பு?"

"கலெர்வோ பாத்துக்குவான்."

தைமி கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"புகைவழியை மூட இத்தனை வருஷத்துல என்னைக்கூட நீ நம்பினதில்லையே, ஒய்வா."