மாக்ரெட் இருந்த பக்கம்

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் வந்துவிட்டால், கிளறன்ஸின் வீடு எது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. வாசலில் ஒரு கிழட்டு லாண்ட் றோவர் ஜீப் நிற்கும். பச்சை நிறம், அதுவும் மூன்று விதமான பச்சை. துறைமுகத்தில் லொறி ஓட்டத் தொடங்கிய காலத்தில் வாங்கியது. பெண் பார்க்கப் போனது அதில்தான், மாக்ரெட்டைக் கல்யாணம் முடித்துக் கூட்டி வந்ததும் அதில்தான். மகள் ரூபிகாவையும் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய், கால் நனைத்துவிட்டு ஈர மணலோடு திரும்புவார்கள். அந்த மணலில் ஒரு பிடி இன்றைக்கும் சீற்றுக்கு அடியில் கிடக்கிறது. கிளறன்ஸ் கூட்டுவதில்லை.

அவர் வலப்பக்கம், ஸ்டியரிங்கில். இடப்பக்கம் மாக்ரெட். நல்ல வாட்டசாட்டமான மனுஷி என்று மரியாதைக்குச் சொல்லலாம். உண்மையைச் சொன்னால் குண்டு. முழங்கால் வேறு கரைச்சல். கதவுக் கம்பியைப் பிடித்து, "இயேசுவே" என்று ஒருமுறை சொல்லி ஏறி உட்காருவாள்.

"இருந்திட்டியா?" என்று கேட்பார் கிளறன்ஸ்.

"இருந்திட்டன், எடுங்கோ."

இந்தக் கேள்வியும் பதிலும் இல்லாமல் அந்த எஞ்சின் ஒருநாளும் உயிர் பெற்றதில்லை.

ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு சின்ன மாதா கோயில் உண்டு. திருநாளன்று மாதாவின் சுருவம் தெருத்தெருவாகச் சுற்றி வருவது கிளறன்ஸின் ஜீப்பில்தான். பின்னால் மேடை கட்டி மாதாவை நிறுத்துவார்கள். முன்னால் மாக்ரெட் மைக்கைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்லுவாள். ஆரம்பத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. மாக்ரெட் ஏறியதும் ஜீப் இடப்பக்கம் சாயும், மாதாவும் கூடச் சாய்வார். கிளறன்ஸுக்கு மானம் போகிற காரியம். ஒரு வருடம் திருநாளுக்கு முன் ஒரு கிழமை முழுக்க ஜீப்புக்கு அடியிலேயே குடியிருந்தார். றப்பர் புஷ் மாற்றினார், இறுக்கினார், கழற்றினார், திரும்ப இறுக்கினார். கடைசியில் சலித்துப்போய் வேலைக்குப் போனார். மறுநாள் மாக்ரெட் ஏறினாள். ஜீப் சாயவே இல்லை!

அடேயப்பா, அதற்குப் பிறகு அவர் அடித்த பீற்றல்! "சரிவு எடுக்கிற கை கொழும்பில வேற யாருக்கு இருக்கு, காட்டுங்க பாப்பம்" என்பார். "என்ட கை படாத ஒரு ஆணியும் இந்த ஜீப்பில இல்ல" என்பார். ஒழுங்கைச் சனம் தலையாட்டிக் கேட்கும். மாக்ரெட்டும் கேட்டுக்கொண்டு இருப்பாள்.

மாக்ரெட் போய் இப்போது இரண்டு வருடம் ஆகப்போகிறது. சீனி வருத்தம் கொண்டுபோனது. அவள் இல்லாமல் வந்த முதல் திருநாளில் ஜீப் வலப்பக்கம் சாய்ந்தது. கிளறன்ஸ் தன் கண்ணையே நம்பவில்லை. வீட்டு வாசலில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. அங்கே தரை, தண்ணீர் ஓடுகிற இடப்பக்கக் கானைப் பார்த்து இறக்கம். பெரிய றோட்டுக்கு ஏறியதும் மாதாவின் கிரீடம் ஒரு பக்கம் போய்விட்டது, பூமாலை சரிந்து தோளில் தொங்கியது. கோயில் சபைச் செயலாளர் சவுந்தரநாயகம் வழி முழுக்கச் சுருவத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார்.

இந்த வருடம் செயலாளர் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கோவிக்காதீங்கோ அண்ணை. மாதா விழுந்தா ஆர் பதில் சொல்லுறது? ஜீப் நிமிர்ந்தா உங்கட ஜீப். இல்லாட்டி ஒரு பட்டா லொறி பிடிப்பம்."

பட்டா லொறி! மரக்கறி ஏற்றுகிற வண்டியில் மாதாவா? கிளறன்ஸுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இத்தனை வருடத்தில் அவருக்கு என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு நாள்தான். அதுவும் போனால் ஜீப் வெறும் இரும்பு, அவர் வெறும் கிழவன்.

அன்றே வேலையில் இறங்கினார். ஜீப்பைச் சமதரையில் நிறுத்தி, மேல்கம்பியிலிருந்து ஒரு நூலில் வீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். திறப்பு நேரே தொங்க, ஜீப்தான் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. அப்போ வலப்பக்க ஸ்பிரிங்தான் களைத்துவிட்டது என்று அதைக் கழற்றி மருதானையில் ஸ்பிரிங் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரப் பையன் தட்டிப் பார்த்துவிட்டு, "மேக ஹொந்தய் அங்கிள்" என்றான் சிங்களத்தில். நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கழற்றினீங்க என்கிற மாதிரிப் பார்த்தான். திரும்பப் பூட்டி, புஷ் மாற்றி, சில்லு தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே கடைசி நட்டை இறுக்கினார். அப்படித்தான் இறுக்க வேண்டும், அவருக்கா தெரியாது? நூலில் திறப்பு அப்படியே, ஜீப்பும் அப்படியே.

வேறு வழியில்லை. மானத்தை விட்டு, கிராண்ட்பாஸில் முஹம்மதுவின் கராஜுக்குப் போனார். முஹம்மது இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்து தெரிந்தவர்தான்; ஆனாலும் கிளறன்ஸ் தன் ஜீப்பை இன்னொருத்தன் கையில் கொடுத்ததில்லை.

முஹம்மது ஜீப்பைக் கண்டதும் ஏனோ ஒரு சிரிப்புச் சிரித்தார். அடியில் படுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார்.

"அண்ணன், வலப்பக்கம் எறங்கல்ல. எடப்பக்கந்தான் ஒசந்து ஈக்கி."

"அதெப்பிடி உயரும்? இரும்பு வளருமா?"

"வளராது. வெச்சா ஒசரும். எடப்பக்க ஸ்பிரிங்கில ஒரு தகடு கூட ஈக்கி, பாருங்க."

கிளறன்ஸ் குனிந்து எண்ணினார். வலப்பக்கத்தையும் எண்ணினார். ஒன்று கூடத்தான். சாயாத ஸ்பிரிங்கில் என்ன வேலை என்று, ஜீப் நிமிர்ந்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கத்தைத் தொட்டதே இல்லை.

"எந்த மடையன் வெச்சது?"

"நான்தான்."

கிளறன்ஸ் தகட்டை விட்டு முஹம்மதுவை நிமிர்ந்து பார்த்தார்.

"மாக்ரெட் அக்கா செல்லித்தான் அண்ணன். நீங்க ஒரு கெழம ஜீப்புக்கு அடியில கெடந்தீங்களே, ஞாபகமா? அண்டைக்கு நீங்க ஹாபருக்குப் போனதும் எனக்கு ஆள் அனுப்பினாங்க. 'நான் ஏறினா மாதா சரியிறா முஹம்மது, அந்த மனுஷன் அடியில கெடந்து சாகுது, பாவம். நான் இருக்கிற பக்கத்தை ஒசத்தி விடுங்க. அவருக்கு மட்டும் செல்ல வாணாம். தான்தான் நிமித்தினது எண்டு சந்தோசமா இருக்கட்டும்' எண்டாங்க. ஒங்கட ஒழுங்கையில வெச்சுத்தான் போட்டன். டீயும் வடையும் தந்தாங்க."

"ஒழுங்கையிலயா? சனம் பாக்க?"

"பாக்கவா? ஜீப்பத் தூக்க ஜக் புடிச்சதே அந்தச் சனந்தான்."

கிளறன்ஸ் ரூபிகாவுக்குக் கோல் எடுத்தார். "உனக்கும் தெரியுமா?"

"அம்மா சத்தியம் வாங்கினவ, அப்பா."

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடப் பீற்றலையும் ஒழுங்கை முழுக்க முகத்தை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறதே! பிறகு சிரிப்பு வந்தது. ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. வீட்டுக்குப் போய் மாக்ரெட்டோடு நல்ல சண்டை ஒன்று பிடிக்க வேண்டும் போல இருந்தது. அந்தச் சண்டைக்கு வீட்டில் ஆள் இல்லை.

"கழட்டவா அண்ணன்? அர மணித்தியால வேல. நேரா நிக்கும்."

கிளறன்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேணாம். அதில கை வைக்காத."

"அப்ப சரிவு?"

"ஜீப்பில பிழையில்ல முஹம்மது. ஆள்தான் குறையுது. ஆளைப் போட்டா நிக்கும்."

திருநாளன்று பின்னேரம், கோயில் வாசலில் மேடை கட்டி மாதாவை ஏற்றினார்கள். சவுந்தரநாயகம் கிளறன்ஸிடமிருந்து நூலையும் திறப்பையும் தானே வாங்கிக் கட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பட்டா லொறி ஒன்று சந்தியில் தயாராக நின்றது; ஆள் கெட்டிக்காரர். கிளறன்ஸ் ஏறி உட்கார்ந்தார். ஜீப் வலப்பக்கம் சாய்ந்தது.

"அண்ணை..." என்று இழுத்தார் சவுந்தரநாயகம்.

"பொறுங்க. ரூபிகா, ஏறு மகள்."

ரூபிகா தாயின் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஈர்க்கில் மாதிரிப் பிள்ளை. ஜீப் கொஞ்சம் நிமிர்ந்தது, போதவில்லை. கிளறன்ஸ் சுற்றிப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஸ்ரீஜா மாலைக் கூடையோடு நின்றாள். சைவப் பிள்ளைதான், ஆனால் வருடாவருடம் மாதாவுக்கு மல்லிகை மாலை கட்டுவது அவள்.

"ஸ்ரீஜா, நீயும் ஏறு பிள்ளை."

ஸ்ரீஜா ரூபிகாவை இடித்துக்கொண்டு ஏறினாள். திறப்பு ஆடி ஆடி நின்றது. சவுந்தரநாயகம் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார், எட்ட நின்றும் பார்த்தார். மாதா நேராக நின்றார்.

"மாக்ரெட் அக்காட இடத்துக்கு ரெண்டு பேர் வேண்டிக்கிடக்கு!" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்த, ஒழுங்கையே சிரித்தது. கிளறன்ஸும் சிரித்தார். சவுந்தரநாயகம் சந்தியைப் பார்த்துக் கையசைத்தார். பட்டா லொறி போய்விட்டது.

கிளறன்ஸ் சாவியில் கை வைத்தார். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இருந்திட்டியா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. கை அப்படியே நின்றது. ரூபிகா தகப்பனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஸ்ரீஜாவைப் பார்த்தாள்.

"இருந்திட்டம்" என்றார்கள் இரண்டு பேரும். "எடுங்கோ."