மிளகாய் மண்டியில் சிவந்த கண்

குண்டூர் மிளகாய் மண்டியில் கண் சிவக்காதவன் எவன் இருக்கிறான்? அந்தத் தைரியம்தான் என் அக்கா புருஷன் மஸ்தான் ராவைக் கெடுத்தது.

மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினால் போதும், நிறத்தைப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். நுரையீரலில் புற்று என்று தெரிந்தபோதுகூட, "பிந்து கல்யாணத்தைப் பார்த்துட்டுத்தான்டா போவேன். எமன் வந்தா மண்டி வாசல்லயே தும்மிக்கிட்டு நிக்கட்டும்" என்று சிரித்தார். பிந்து அவருடைய ஒரே மகள்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மேல் ஏவிவிடும் மருந்தை ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது. அக்கா பெஜவாடா துர்க்கைக்குப் புடவை சாத்தினாள். டாக்டரம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் எச்சரித்தார்: "இந்த மருந்து சில பேருக்குக் கண்ணையும் தாக்கும். சிவந்தா, வெளிச்சம் கூசினா, அன்னிக்கே ஓடி வாங்க."

சிவந்தது. கூசியது. "மிளகாய் நெடிதான்" என்றார் மச்சான். மண்டியே ஆமாம் போட்டது. ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்கள்.

"டாக்டரம்மாகிட்டப் போலாங்க" என்று அக்கா நச்சரித்தாள்.

"சும்மா இருடி. காலமெல்லாம் எரியுற கண்ணு. இதைப் போய்ச் சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க. அப்புறம் கல்யாணத்தை யாரு பார்க்குறது?"

போனபோது காலம் கடந்துவிட்டது. கண்ணுக்குள்ளே அழற்சி முற்றியிருந்தது. முதலிலேயே வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே அடக்கியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அட பாவி மனுஷா! "மங்கலா தெரியுதுடா, அது போதும்" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களும் நம்பினோம்.

முகூர்த்தத்துக்கு எங்கள் மணப்பெண்கள் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவைதான் கட்டுவார்கள். பிந்து மாட்டேன் என்றுவிட்டாள்.

"மங்கல் கண்ணுக்கு வெள்ளை எங்க தெரியும், மாமா? நல்ல மிளகாய்ச் சிவப்பா வேணும். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அவரே பார்த்துச் சொல்லட்டும்."

சம்பந்தியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "வழக்கத்தை மீறுறதா?" என்று அத்தைமார் முணுமுணுத்தார்கள். பிந்து அசையவில்லை.

முகூர்த்த வேளையில் எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைத்தார்கள். நடுவில் பிடித்திருந்த திரை இறங்கியது. பந்தலே அந்தச் சிவப்பைப் பார்த்தது. மச்சான் தன் மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார். வாயெல்லாம் பல்.

"வெள்ளைப் புடவையில மகாலட்சுமி மாதிரி இருக்கேடா, தங்கம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிந்து அவர் பக்கம் குனிந்தாள்.

"ஆமாப்பா. நீங்க சொன்ன மாதிரியே வெள்ளைதான்" என்றாள்.