தாளத்துக்கு முந்திய விரல்

தம்பி நடத்தும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவள் அக்கா. குழுவில் எல்லோருக்குமே அவள் அக்காதான். அவளைவிட மூத்தவரான டிரம்மர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். வயதைக் குறைத்துக்கொள்ள மனிதருக்கு வேறு வழி தெரியவில்லை.

பக்கவாதம் வந்து தேறியபின் அவள் வலதுகை விரல்கள் அசைந்தன, பலம்தான் திரும்பவில்லை. பியானோ ஒலிக்கு அது போதாது. கட்டையை ஓங்கி அழுத்தினால்தான் ஓங்கிக் கேட்கும். அவள் வாசித்தது டிரம்ஸுக்கு அடியில் நசுங்கிப் போனது. தம்பி வேறு ஆள் தேடுகிறான் என்று டிரம்மர்தான் சொன்னார். தம்பியோ அவளைப் பார்த்தால் மென்று முழுங்கினான். அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. மேடை போய்விட்டால் அப்புறம் நாளெல்லாம் என்ன செய்வது?

டயர் கடை மாடியிலிருந்த ஒத்திகை அறையில் தனியாக உட்கார்ந்து கீபோர்டின் ஒலி அமைப்புகளைக் குடைந்தாள். வயலின் கூட்டத்தின் ஒலியை எடுத்தாள். விரலின் வேகம் இனி சத்தத்தின் அளவைத் தீர்மானிக்காது, சத்தம் எழும் நேரத்தைத் தீர்மானிக்கும் என்று மாற்றினாள். ஓங்கி அடித்தால் ஒலி சட்டென்று பாயும். மெல்லத் தொட்டால் மெல்ல மெல்ல எழுந்தாலும் முழு உயரத்துக்கு வந்து நிற்கும். விரலை எடுத்தபின்னும் கொஞ்சம் இழுத்து அடங்கும்.

மறுநாள் ஒத்திகையில் மானம் போயிற்று. ஒவ்வொரு சுரமும் தாமதமாக வந்தது.

"அக்கா, பஸ் போனப்புறம் கை காட்டுறீங்களே," என்றார் டிரம்மர்.

ஒலி எழ நேரம் பிடிக்கிறதென்றால் விரல்தான் முந்த வேண்டும். இத்தனை காலம் தாளத்தோடு அழுத்திப் பழகிய கை. முந்தி வைப்பது, பெரியவர்கள் உட்காருமுன் சாப்பிடத் தொடங்குவதுபோல் கூச்சமாக இருந்தது. வைத்தாள். தம்பியின் மனைவி மெதுவான பாட்டு ஒன்றைப் பாட, ஒலி அவள் குரலுக்கு அடியில் எழும்பி, தாளம் விழுந்த இடத்தில் நிறைந்து நின்றது. டிரம்மர் தன் அடியைத் தணித்துக்கொண்டார்.

அடுத்தது வேகமான பாட்டு. ஒரு சுரம் எழுவதற்குள் அடுத்தது வந்து இடித்தது, எல்லாம் கூழாகிவிட்டது. எவ்வளவு முந்தியும் பலிக்கவில்லை.

"அக்கா..." என்று இழுத்தான் தம்பி.

"சொல்லுடா. எத்தனை நாள் மென்னுக்கிட்டே இருப்பே?"

"வேகமான பாட்டுக்கு ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். மெதுவான பாட்டெல்லாம் நீதான். இப்போ வாசிச்சியே, அது எனக்கு வேணும் அக்கா."

அவள் அழுதாள். பாதி போனது வலித்தது, அதை அவள் மறைக்கவில்லை. தம்பி பக்கத்தில் வந்து நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் நாற்காலியை இடதுபக்கம் இழுத்துப் போட்டு, வரப்போகிறவருக்கு இடம் விட்டாள்.