திருவிருந்துக்கு எழாதவர்

அப்பா காகித ஆலையில் ஃபிட்டர். பழைய அட்டைகளைத் தண்ணீரோடு அரைத்துக் கூழாக்கும் தொட்டி அவர் பொறுப்பில் இருந்தது. ஓர் அறை அளவுத் தொட்டி. அடியில் பற்கள் வைத்த சுழலும் தட்டு. அதில் கம்பியோ பிளாஸ்டிக்கோ சிக்கிக்கொண்டால் ஆள் உள்ளே இறங்கி அறுத்தெடுக்க வேண்டும்.

இறங்குமுன் அவரவர் தம் பூட்டை மெயின் ஸ்விட்சில் மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். பூட்டு தொங்கும்வரை ஸ்விட்சைப் போட முடியாது. அடுத்தவன் பூட்டில் யாரும் கைவைக்கக் கூடாது.

அப்பா கைவைத்தார்.

அந்தத் தொட்டியை ஓட்டியவருக்கு ஆலையில் 'மறதி' என்று பெயர். வேலை முடிந்ததும் பூட்டைக் கழற்றாமல் வீட்டுக்குப் போய்விடுவார். சாவியோடு ஆள் திரும்பும்வரை தொட்டி சும்மா கிடக்கும்.

"மறதி, பொண்டாட்டி முகமாவது ஞாபகம் இருக்கா?" என்று ஆலை ஆட்கள் கேட்பார்கள்.

"அவ எங்க மறக்க விடுறா!"

அப்பாவும் அவரும் ஒரே கிறிஸ்தவ சபை, ஒரே பெஞ்சு. அவர் மனைவிக்கு அப்பா 'அண்ணே'. எனக்கு அவர் அத்தை.

அன்று ஷிப்ட் மாறும் நேரம். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் மறதியின் சைக்கிளைக் காணோம். வழக்கம்போல் பூட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று அப்பா முடிவுகட்டினார். சைக்கிளை அவருடைய மச்சான் வாங்கிப் போயிருந்தது அப்பாவுக்குத் தெரியாது. தொட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சில படிகள் ஏற வேண்டும். ஏறவில்லை. பூட்டை வெட்டி ஸ்விட்சைப் போட்டார்.

உடலைப் பெட்டியில் மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

விசாரணையில் விபத்து என்று முடித்தார்கள். அப்பாவை வாசலில் லாரி எடை போடும் இடத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். குடிக்கவில்லை, ஊரை விட்டுப் போகவில்லை. சபைக்கும் வந்தார். கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டார், அவ்வளவுதான். திருவிருந்து நாளில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள். அப்பா மட்டும் முழங்கால்களுக்கு நடுவே கைகளை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். அத்தை சபையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். கூட்டுவது, துடைப்பது, திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவது. இருவரும் பேசி நான் பார்த்ததில்லை.

நான் படித்து, தானியங்கிக் கட்டுப்பாட்டுத் துறையில் பொறியாளரானேன். "என் பொண்ணு மெஷினைத் தொடாமலே மெஷின் ஓட்டுறா. நமக்குத்தான் தொட்டா வினை" என்று அப்பா சொல்வார். சிரிப்பது போலத்தான் சொல்வார்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்று வந்தது. கண்டுபிடித்தபோது பரவியிருந்தது. வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் கட்டில் போட்டோம். கஞ்சித் தண்ணீரும் கரண்டிக் கணக்கில்தான் இறங்கியது. அவருக்கு வலியைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. கடவுள் தன்னை ஏற்பாரா என்பதுதான் அது.

எனக்குத் தெரிந்த வழியில் பேசினேன். "அப்பா, பூட்டு வெட்டுற கத்தரிய ஸ்விட்ச் பக்கத்துலயே மாட்டி வெச்சிருந்தாங்க. வெட்டுறதுக்கு யார்கிட்டயும் அனுமதி வாங்கவும் வேண்டாம். அது சிஸ்டத்தோட தப்பு."

"சிஸ்டம் வெட்டலம்மா. நான் வெட்டினேன்."

போதகர் இளைஞர், நல்லவர். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தேவன் வாக்குக் கொடுத்தவர்களில் யோக்கியன் எவன் என்று கேட்டார். ஒருவன் உயிருக்குப் பயந்து மனைவியைத் தங்கை என்றான். ஒருவன் கண் தெரியாத தகப்பனை ஏமாற்றினான். ஒரு ராஜா தன் சிப்பாயைக் கொல்ல ஏற்பாடு செய்தான். "அவங்க சொதப்பினாங்க. அவர் தன் வாக்கைத் திரும்ப வாங்கிக்கல. கைவிட மாட்டேன்னா கைவிட மாட்டார், ஐயா."

"அந்த ராஜா விஷயத்துல, செத்த சிப்பாய் வீட்டுல யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார் அப்பா.

போதகர் ஜெபித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் சபைக்குப் போனேன். பின்கட்டுத் தொட்டியருகே அத்தை ஜன்னல் துணிகளை அலசிக்கொண்டிருந்தார்.

"வாங்க இஞ்சினியரம்மா. வழி தெரிஞ்சுதா?"

"அப்பாவுக்கு முடியல அத்தை."

"தெரியும். ஊரே சொல்லுது."

"ஒரு தடவை வந்து..."

"வந்து? மன்னிச்சேன்னு சொல்லணுமா? அவர் நிம்மதியா கண்ண மூட நான் வாய் திறக்கணும். எம்புருஷன் கண்ண மூடினதையாவது நான் பார்த்தேனா?"

துணியை முறுக்கிப் பிழிந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "போம்மா. கால்ல தண்ணி படுது" என்றார். போய்விட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் திருவிருந்துப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். பெட்டியைச் சுமந்து அவர் பின்னால் வந்தவர் அத்தை. வீட்டுக்குள் வந்தும் செருப்பைக் கழற்றவில்லை.

அப்பா அவரைப் பார்த்ததும் எழப் பார்த்தார். முடியவில்லை.

"படுங்க" என்றார் அத்தை. அண்ணே என்று சொல்லவில்லை. "ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நான் மன்னிக்கல. முயற்சி பண்ணிப் பார்த்தேன், வரல. பொய் சொல்லத் தெரியாது."

"சரிம்மா."

"ஆனா ஆளுக்கு ஒண்ணுன்னு எண்ணித்தான் கிண்ணத்துல ஊத்துறேன். உங்களையும் சேர்த்துத்தான் எண்ணுறேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு அப்படியே திரும்பி வருது. நான்தான் மண்ணுல ஊத்துறேன். எனக்குக் கை வலிக்குது."

"எனக்கு அது ஆகாதும்மா."

"அதை யார் சொல்றது? வாக்குக் கொடுத்தது நானா? நான் கொடுத்திருந்தா என்னிக்கோ மாத்தியிருப்பேன். கொடுத்தவர் மாத்தலையே. ராத்திரியெல்லாம் அவர்கிட்ட சண்டை போட்டுப் பார்த்துட்டேன். எனக்குப் பிடிக்கவே இல்ல. ஆனா அவர் பொய்யர்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. சொன்னா எம்புருஷனும் எனக்கு இல்லாமப் போயிடுவார். அவரை மறுபடி பார்ப்பேன்னு இருக்கிறதும் அதே வாக்குலதான்."

போதகர் தலை குனிந்திருந்தார். அத்தை பெட்டியைத் திறந்து ஒரு கிண்ணத்தில் ரசத்தை ஊற்றிப் போதகரிடம் நீட்டினார். அப்பாவுக்குத் தானே கொடுக்க முன்வரவில்லை.

போதகர் அப்பத்தைப் பிட்டு ரசத்தில் நனைத்தார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

அப்பா வாயைத் திறந்தார்.

அது உள்ளே இறங்கவில்லை. இருமினார். முகம் கறுத்தது. நான் முதுகைத் தாங்கிப் பிடித்தேன். கொஞ்சம் ரசத்தோடு ரத்தமும் என் கையில் வழிந்தது. மீதி இறங்கியிருக்க வேண்டும். நிமிர்ந்தபோது அத்தை தெருவில் போய்க்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அப்பாவுக்கு வலி குறையவில்லை. முகத்தில் எந்த ஒளியும் வரவில்லை. மருந்து மயக்கத்தில் மறதியின் உண்மையான பெயரைச் சொல்லி, "ஏறி வா, ஏறி வா" என்று கூப்பிட்டார். தெளிந்திருந்த ஒரு சமயம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவர் மாத்த மாட்டாருல்ல?"

நான் அளந்து பார்த்ததை மட்டும் நம்பும் ஆள். இதை அளக்க என்னிடம் எதுவும் இல்லை. பிடித்த கையில் எலும்பு மட்டும்தான் இருந்தது.

"மாத்த மாட்டாருப்பா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

கையை விடவில்லை. மூச்சு நின்ற பிறகு நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.