சீப்பில் கிடந்த முடி

என் ஓர்ப்படி முத்தம்மாளின் மகன் குணசேகரன் எதையும் லேசில் நம்ப மாட்டான். பால்காரன் ஊற்றிய பாலைத் தரையில் ஒரு சொட்டு விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பான். பெண் பார்க்கப் போன இடத்தில், உள்ளேயிருந்து பாடினது இந்தப் பெண்தானா, வேறு யாராவதா என்று கேட்டு அந்தச் சம்பந்தமே கலைந்து போனது. இந்தப் புத்தி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

முத்தம்மாளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அடுத்து இவன் பிறந்ததும், எமனை ஏமாற்ற, குமணன்சாவடி கெங்கம்மாளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஒரு முறம் தவிடு கொடுத்து விலைக்கு வாங்கி வந்தார்கள். வாங்கின பிள்ளையை எமன் தேடி வர மாட்டானாம். அதனால் வீட்டில் அவனுக்குத் 'தவிடு' என்று பேர். அப்படிக் கூப்பிட்டால் அவன் திரும்பவே மாட்டான்.

விஷயம் என்னவென்றால், கெங்கம்மாளும் அப்போது பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. அவள் மகன் வரதனும் அதே பாயில்தான் கிடந்தான். இரண்டு கைக்குழந்தை, ஒரு சிம்னி விளக்கு. வளர வளரக் குணசேகரன் கெங்கம்மாள் மாதிரி கறுப்பாக, நெட்டையாக வந்தான். வரதனுக்கோ எங்கள் வீட்டு ஆண்களின் மடல் விரிந்த காது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் எவனோ ஒருவன் வரதனைப் பார்த்து, "நீ பரந்தாமன் புள்ளைதானே?" என்று கேட்டானாம். பரந்தாமன் முத்தம்மாளின் புருஷன். பக்கத்தில் நின்ற குணசேகரன் காதில் அது விழுந்துவிட்டது. மாறிப்போன பிள்ளையோ நாம் என்று அன்றைக்குத் தொடங்கியதுதான். எனக்கும் உள்ளே ஒரு முள் இருந்தது. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தது அதற்கெல்லாம் பிறகு. கண்ணால் பார்க்காததற்கு நான் எப்படிச் சத்தியம் செய்வேன்?

தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு வாக்கில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. அங்கே தாட்சாயிணி என்று ஒரு படித்த பெண். பி.சி.ஆர். என்று ஒரு மெஷின் புதிதாக வந்திருந்தது. ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"சித்தி, ஒரே ஒரு முடி போதுமாம். அதுக்குள்ள கீற டி.என்.ஏ.வுக்கு சூடு காட்னா ரெண்டு புரியா பிரிஞ்சிடுமாம். ஆறவுட்டா ஒவ்வொரு புரிக்கும் புது ஜோடி வளருமாம். மறுபடியும் சூடு, மறுபடியும் ஆற. ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். வேல முடிஞ்சி கெளம்பறதுக்குள்ள கோடி கோடியா ஆயிடுமாம்."

"ஒரு முடிய கோடியாக்கி யார் தலைலடா நடப் போறாங்க?"

"தமாஸ் பண்ணாத சித்தி. அம்மா கிட்டேர்ந்து மட்டுமே புள்ளைக்கு வர்ற பாகம் ஒண்ணு கீதாம். அது எனக்கும் அம்மாவுக்கும் ஒண்ணா கீதான்னு பாத்துட்டா தெரிஞ்சிடும்."

"இல்லேன்னு வந்தா?"

அவன் முறத்திலிருந்து ஒரு நெல்லைப் பொறுக்கி நகத்தால் உரித்தான்.

புது மெஷினில் தன் கை பழகட்டும் என்று தாட்சாயிணி ஒத்துக்கொண்டாள். ஆனால் அம்மா தலையிலிருந்து வேரோடு பிடுங்கின முடிதான் வேண்டும் என்றாளாம். முத்தம்மாளிடம் போய் இதைக் கேட்டால் விளக்குமாறு பிய்ந்துவிடும். இவன் சீப்பில் சிக்கிக் கிடந்ததை எடுத்துப்போய், தலையிலிருந்து எடுத்ததுதான் என்று பொய் சொன்னான். வேர் இல்லையே என்று அவள் தயங்கியிருக்கிறாள். அந்தத் தாய்வழிப் பாகம் வேரில்லாத முடியிலும் கிடைக்குமாம். அவன் கெஞ்சவே செய்து பார்த்தாள்.

ஒத்துப்போகவில்லை.

எங்களிடம் அவன் மூச்சு விடவில்லை. வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். வேலை விட்டால் குமணன்சாவடிக்குப் போய், கெங்கம்மாளின் பொரிகடலைக் கடைக்கு எதிரே நின்றான். "இன்னா அண்ணாத்தே, டெய்லி வந்து நின்னுகினு கீறே? போலீஸா நீ?" என்று வரதன் கேட்டானாம். அந்தப் பேச்சு ஊர் சுற்றி எனக்கு வந்தது. தண்ணித் தொட்டி அருகே குணசேகரன் கையைப் பிடித்து நிறுத்தினேன். எல்லாவற்றையும் கொட்டினான்.

"முடிய எங்கேர்ந்துடா எடுத்தே?"

"அம்மா சீப்புலேர்ந்துதான்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டைபாய்டு வந்து முடி கொட்டினதிலிருந்து முத்தம்மாள் சவுரி வைத்துத்தான் கொண்டை போடுவாள். ஆண்கள் வெளியே போனபிறகு அதை மடியில் போட்டு, எண்ணெய் தடவி, அதே சீப்பால் வாரி எடுத்து வைப்பாள். செத்துப்போன பரந்தாமனுக்கே அது தெரியாது. எந்த ஊரில் எந்தப் புண்ணியவதி மொட்டை போட்டுக்கொண்டாளோ, அவளுக்கும் இவனுக்கும் அல்லவா பொருத்தம் பார்த்திருக்கிறார்கள்!

இனி மறைக்க முடியாது. அவனையும் கூட்டிப்போய் நானே முத்தம்மாளிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கொண்டையை அவிழ்த்துச் சவுரியை எடுத்து வைத்தாள். மிச்சமிருந்தது எலுமிச்சம்பழம் அளவு. அதிலிருந்து ஒரு நரைமுடியைப் பட்டென்று வேரோடு பிடுங்கி அவன் கையில் வைத்தாள்.

"இந்தா. இதுவும் இல்லேன்னு சொன்னா இன்னாடா பண்ணுவே? கெங்கம்மா ஊட்டுக்குப் பூடுவியா?"

"நீ இன்னா பண்ணுவே?"

"வரதனையும் வந்து துன்னுட்டுப் போவச் சொல்லுவேன். அதுக்கு உன்ன எதுக்குடா உடணும்?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

இந்தமுறை தாட்சாயிணியிடம் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறான். அவள் மறுபடி செய்தாள். ஒரு வேலை எனக்குப் பிடித்தது. முடியே போடாத வெறும் தண்ணீரையும் ஒரு குழாயில் அதே மெஷினில் வைப்பார்களாம். அதில் ஏதாவது வளர்ந்தால் வெளியே இருந்து எதுவோ கலந்துவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்களாம். தன்னையே சந்தேகப்படுகிற வேலை. தண்ணீரில் ஒன்றும் வரவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போனது.

ஆனாலும் நான் அந்த மெஷினை முழுசாக நம்பவில்லை. போட்டது யாருடைய முடி என்று அதற்கென்ன தெரியும்? எவள் முடியைப் போட்டாலும் அதைத்தான் கோடியாக்கும். முத்தம்மாள் சொன்ன பதிலைத்தான் நான் நம்புகிறேன்.

அவன் வீட்டுக்கு வந்தபோது முத்தம்மாள் எதுவும் கேட்கவில்லை. அடுப்படியில் இருந்தபடியே, "டேய் தவிடு, கையக் கழுவிகினு வா" என்றாள்.

"வரேம்மா" என்றான். உட்கார்ந்தவன், மோரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொண்டான்.