நிலத்தில் நின்ற படகு

மீன்பிடிப் படகுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் செயலியை எழுதியவன் நான். காற்று பலமாக வீசிய ஒரு நாள், பட்டினச்சேரியிலிருந்து ஒரு பெண் பதறிக்கொண்டு வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு படகு வயக்காட்டுல நிக்கிறதா காட்டுதுங்க. என்னாச்சுன்னு பாருங்க."

என் போனில் படகு கடலில்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் போன் பிரான்ஸிலிருக்கும் அவர் அண்ணன் தந்தது, பிரெஞ்சு மொழியில் இருந்தது. படகு இருக்கும் இடம் செயலிக்குத் தசமப் புள்ளி வைத்த எண்களாக வரும்; பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா. செயலிக்குள் அந்த எண்களைப் படித்துக் கணக்குப் போடும் இன்டர்பிரெட்டர் என்ற நிரல் அந்தப் போனில் மட்டும் கமாவை எதிர்பார்த்து, புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்களை விட்டுவிட்டது. எந்த மொழிப் போனிலும் புள்ளியையே ஏற்கும்படி மாற்றிக் கொடுத்தேன். அவர் திரையிலும் படகு கடலுக்குத் திரும்பி, கரையை நோக்கி நகர்ந்தது.

அவர் திரையை விரலால் தொட்டார். "கரைக்குத்தாங்க வர்றாரு" என்று அழுதார்.

அன்றிலிருந்து எந்தப் படகு திரையில் நகர்ந்தாலும், அதைப் பார்த்துக் காத்திருப்பவரை நினைத்துக்கொள்கிறேன்.